கனடாவிலிருந்து வந்த பாஸ் றொட் திருகோணமலைக் களப்பில் தாங்குமா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. கனடாவில் இருக்கும் மாமா ஊருக்கு வந்தபோது ஒரு பாஸ் றொட்டும் (பாஸ் மீனுக்கான மீன்பிடித் தடி), அதன் மேலே உட்காரும் பெயிற்காஸ்டர் றீலும் (கயிறு சுற்றும் கருவி) கொண்டுவந்து தந்திருக்கிறார். றொட்டில் 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், லூர் (போலி இரை) 1/4 முதல் 3/4 அவுன்ஸ், கயிறு 12 முதல் 20 இறாத்தல் என்று எழுதியிருக்கிறது. கிண்ணியாப் பக்கமும் இறக்கக்கண்டியிலும் வீசிப் பார்த்தீர்கள். மூன்று வீச்சுக்கு ஒரு தடவை கயிறு சுருண்டு சிக்குகிறது. ஒரு பாரை அடித்து, தூண்டிலை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டது. இணையத்தில் பார்த்து, செரமிக் பெயாரிங் வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். பெயாரிங்கைப் பற்றிக் கேட்டாலும், உங்களுக்குத் தெரியவேண்டியது வேறொன்று என்று நினைக்கிறேன். குளத்து மீனுக்குச் செய்த இந்தச் சாமான் நம்முடைய உப்புத் தண்ணீர் மீனைத் தாங்குமா, தாங்க வைக்க எதை முதலில் மாற்ற வேண்டும்?

றொட் தாங்கும். றீல் சில திருத்தங்களோடு தாங்கும். மாற்ற வேண்டிய வரிசை தூண்டில், கயிறு, டிராக் (மீன் பலமாக இழுக்கும்போது கயிற்றை வழுக்கி விடும் பாகம்). பெயாரிங் கடைசி. நான் இங்கே இருபது வருடத்துக்கு மேலாக றீல் திருத்துகிறேன், அதற்கு முன் படகு எஞ்சின் பட்டறையில் வேலை செய்தேன். என் மேசைக்கு வந்த பாஸ் றீல்களில் பெரும்பாலானவை பெயாரிங் போதாமல் கெட்டவை அல்ல. உப்பாலும், இறுகிப்போன டிராக்காலும், தவறான கயிற்றாலும் கெட்டவை.

பாஸ் என்பது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். அதிலே பெரியவாய் பாஸ்தான் பேர்போனது. 1932இல் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி பிடித்ததும், 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்ததும் உலக சாதனையைச் சமமாகப் பங்கிடுகின்றன. இரண்டுமே 10 கிலோவைச் சற்றே தாண்டியவை. சாதாரணமாகப் பிடிபடுவது ஒன்று, இரண்டு கிலோதான். அது பாசிக்குள்ளும் விழுந்த மரத்துக்குள்ளும் இருந்து பாய்ந்து அடிக்கும், தலையை உதறும், ஆனால் நெடுந்தூரம் ஓடாது. ஆகவே பாஸ் றொட்டின் வேலை, முள்ளை ஓங்கிக் குத்தி மீனைப் பாசியிலிருந்து உடனே இழுத்தெடுப்பது. அந்த வேலைக்கு முதுகு விறைப்பாகவும் நுனி மட்டும் வளைவதாகவும் செய்கிறார்கள். ஃபாஸ்ட் என்ற சொல்லின் பொருள் அதுதான்: வளைவு நுனிப்பக்கம் மட்டும் இருக்கிறது. மீடியம் ஹெவி என்பது எவ்வளவு பலம் கொடுத்தால் வளையும் என்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

இப்போது நம்முடைய மீனைப் பாருங்கள். கொடுவா பழக்கத்தில் பாஸுக்கு நெருங்கியது. மறைவில் நிற்கும், பாய்ந்து விழுங்கும், துள்ளித் தலையை உதறும், பிறகு பாலத்துக் காலையோ கண்டல் வேரையோ தேடி ஓடும். அதனால் உங்கள் றொட் கொடுவாவுக்கு நன்றாகப் பொருந்தும். கந்தளாய்ப் பக்கத்துக் குளங்களில் தாமரை இலைக்கு மேலே தவளை லூர் இழுத்து விரால் பிடிக்கப் போனால், இதைவிட நல்ல றொட் தேட வேண்டியதே இல்லை, அது பாஸ் தொழிலேதான். பாரை வேறு பிறவி. இரண்டு கிலோப் பாரைகூட நிற்காமல் ஓடும். பெரியது கொட்டியாரக் குடாப் பக்கம் வந்து அடித்தால் உங்கள் ஸ்பூலின் (றீலில் கயிறு சுற்றியிருக்கும் உருளையின்) அடி தெரியும். ஆகவே சின்னப் பாரைக்கு இது சரி, பெரிய பாரை தேடிப் போகிற நாளுக்கு இது சரியில்லை. அதைத் திருத்தி எடுக்கவும் முடியாது.

தூண்டில் நிமிர்ந்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பாஸ் லூர்களில் வரும் மும்முள் தூண்டில் மெல்லிய கம்பி. இலகுவாகக் குத்துவதற்காக அப்படிச் செய்கிறார்கள். கயிறும் றொட்டும் தாங்கினாலும் அந்தக் கம்பி தாங்காது. உப்புத் தண்ணீருக்கென்று வரும் தடித்த மும்முள்ளோ, ஒற்றை முள்ளோ மாற்றுங்கள், அதோடு லூரில் தூண்டிலைக் கோத்திருக்கும் சின்ன வளையத்தையும் மாற்றுங்கள். மாற்றியதும் ஒரு வாளியில் கடல் தண்ணீர் எடுத்து லூரைப் போட்டுப் பாருங்கள். தண்ணீரில் அந்தரத்தில் நிற்க வேண்டிய லூர் பாரம் கூடியதால் தாழலாம், மிதக்க வேண்டியது மூக்கைக் கவிழ்க்கலாம். அப்படியானால் ஒரு சைஸ் சின்ன முள் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் ஒரு லூருக்கும் இதைத் தவிர்ப்பதில்லை.

அடுத்தது கயிறு. மாமா தந்த றீலில் தங்கூசி (ஒற்றை இழை நைலோன் கயிறு) சுற்றியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பாஸ் றீலின் பக்கத்தில் 12 இறாத்தலுக்கு 120 யார் என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும். பாரைக்கு அது பற்றாது. பின்னிய பிரெயிட் கயிறு அதே பலத்துக்கு மிக மெல்லியது. 12 இறாத்தல் தங்கூசியை எடுத்துவிட்டு 30 இறாத்தல் பிரெயிட் போட்டால், தடிமன் குறைவதால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளம் பிடிக்கும். 20 இறாத்தல் போட்டால் இன்னும் கூடுதல் பிடிக்கும் என்று நினைப்பீர்கள். பெயிற்காஸ்டரில் அதைச் செய்யாதீர்கள். மெல்லிய பிரெயிட் இழுவையில் கீழ்ச் சுற்றுக்குள் புதைந்துவிடும், அடுத்த வீச்சில் திடீரென்று நின்று லூர் அறுந்து பறக்கும். பிரெயிட் வெறும் ஸ்பூலில் வழுக்கும் என்பதால் அடியில் பத்துப் பன்னிரண்டு சுற்றுத் தங்கூசி சுற்றிவிட்டு அதில் முடியுங்கள். சுற்றும்போது ஈரத் துணியால் இறுக்கிப் பிடித்துச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றிய பிரெயிட்டை எந்தப் பிரேக்கும் காப்பாற்றாது.

முனையில் 30 அல்லது 40 இறாத்தல் தங்கூசியோ ஃபுளோரோகார்பனோ இரண்டு, மூன்றடி லீடராகக் கட்டுங்கள். பிரெயிட் சிப்பி ஒட்டிய பாலத்துக் காலில் ஒரு உரசலுக்கே அறுந்துவிடும், கொடுவாவின் செவுள் மூடியின் ஓரமும் கத்தி மாதிரி. சீலா இருக்கிற இடமானால் ஒரு விரல் நீளம் வயர் இல்லாமல் வீசாதீர்கள். பாஸ் றொட்டின் நுனி வளையங்கள் சிறியவை. லீடர் முடிச்சு அதற்குள் போய்வந்தால் ஒவ்வொரு வீச்சிலும் தட்டும். லீடரைக் குட்டையாக வைத்து, வீசும்போது முடிச்சு நுனி வளையத்துக்கு வெளியே தொங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சிக்குக்கு வருவோம். பெயிற்காஸ்டரில் வீசும்போது ஸ்பூலே சுற்றுகிறது. லூர் காற்றில் வேகம் குறைந்துகொண்டே போகும், ஸ்பூல் வேகம் குறையாமல் சுற்றும், வெளியேறாத கயிறு உள்ளேயே குவியும். சிக்கு என்பது அவ்வளவுதான். இதைத் தடுக்க மூன்று சாதனம் உண்டு. கைப்பிடிப் பக்கம் இருக்கும் சின்னத் திருகு ஸ்பூலின் அச்சை அழுத்துகிறது. மறுபக்கத்து மூடிக்குள் பிரேக். மூன்றாவது உங்கள் பெருவிரல், மற்ற இரண்டையும்விட முக்கியமானது. முதலில் லூரைக் கட்டி, றொட்டைக் கிடையாகப் பிடித்து, பட்டனை அமுக்கி லூரை விடுங்கள். அது மெதுவாக இறங்கி, நிலத்தில் தொட்டதும் ஸ்பூல் ஒரு சுற்றுக்குள் நிற்கும்வரை அந்தத் திருகை இறுக்குங்கள். பிரேக்கை முக்கால்வாசிக்கு வையுங்கள். தோளுக்கு மேலால் அடித்து எறியாமல், பக்கவாட்டில் ஒரே சீராகச் சுழற்றி வீசுங்கள். லூர் தண்ணீரில் விழுவதற்குச் சற்று முன் பெருவிரலால் ஸ்பூலை நிறுத்துங்கள். இருபது வீச்சு சிக்கில்லாமல் போனால் பிரேக்கை ஒரு படி குறைக்கலாம். கை பழகியபின் திருகைத் தளர்த்தி, ஸ்பூல் பக்கவாட்டில் ஆடாத அளவுக்கு மட்டும் வைத்து, மிச்சத்தைப் பிரேக்குக்கும் பெருவிரலுக்கும் விடுவதுதான் நல்லது.

பிரேக் இரண்டு வகை. மூடியைத் திறந்தால் சின்னச் சின்னக் கட்டைகள் வட்டமாக இருந்தால் அது மையவிலக்குப் பிரேக். ஸ்பூல் சுற்றும் வேகத்தில் அவை வெளியே எறியப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். வேகம் இரட்டித்தால் உரசல் நாலு மடங்காகும், ஆகவே வீச்சின் தொடக்கத்தில் பலமாகப் பிடித்து, பின்பாதியில் விட்டுவிடும். காந்தங்கள் இருந்தால் காந்தப் பிரேக். அலுமினிய ஸ்பூலைத் தொடாமலே, அதில் உண்டாகும் மின்னோட்டத்தால் இழுத்துப் பிடிக்கும். அது வீச்சு முழுவதும் சீராக வேலை செய்யும், எதிர்காற்றுக்கும் இலேசான லூருக்கும் எனக்குப் பிடித்தது. நம் கடற்கரை கிழக்கைப் பார்க்கிறது. கச்சான் அடிக்கிற மாதங்களில் உப்புவெளியில் நின்று வீசினால் காற்று முதுகில், பிரேக்கைக் குறைக்கலாம். வாடைக் காலத்தில் காற்று முகத்தில் அடிக்கும், அதே றீலில் இரண்டு படி கூட்டாமல் வீசினால் சிக்கு நிச்சயம். நீங்கள் வாடை தொடங்கியபின் போனதாக எழுதியிருக்கிறீர்கள், பாதிக் காரணம் அதுவாகவே இருக்கும்.

டிராக்கைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் என் வாழ்க்கையில் மறக்காத மீன் ஒன்று போனது இதனால்தான். இறக்கக்கண்டி முகத்துவாரத்தில் ஒரு விடியற்காலை. மீன் அடித்தது, முதல் ஓட்டம் நன்றாகப் போனது, நின்றது. இரண்டாவது ஓட்டம் தொடங்கிய நொடியில் டிராக் விடவில்லை, லீடர் வெடித்துப் போய்விட்டது. வீட்டில் திறந்து பார்த்தால் உள்ளே இருந்த ஃபெல்ட் வாசர் உப்பில் காய்ந்து தகட்டோடு ஒட்டியிருந்தது. மாதக்கணக்கில் டிராக்கை இறுக்கியபடியே வைத்திருந்தேன். அன்றிலிருந்து வாங்கிய எந்த றீலுக்கும் முதல் வேலையாக டிராக்கைத் திறந்து பார்க்கிறேன்.

பெட்டியில் அதிகபட்ச டிராக் 5 கிலோ, 6 கிலோ என்று எழுதியிருக்கும். அந்த எண் உங்களுக்கு வேண்டாம். வேண்டியது, நின்ற நிலையிலிருந்து உதறல் இல்லாமல் வழுக்கத் தொடங்குவது. கார்பன் வாசரில் டிராக்குக்கென்று விற்கிற கிரீஸை மெல்லிய படலமாகப் பூசித் துடைத்தெடுத்தால் அது கிடைக்கும். ஃபெல்ட் வாசர் இருந்தால், உங்கள் மொடலுக்குக் கார்பன் வாசர் கிடைக்குமா என்று தேடுங்கள். நான் முழு மனதோடு பணம் செலவழிக்கச் சொல்கிற ஒரே உதிரிப் பாகம் அதுதான். அளவுக்கு, கோர்வையில் மிகப் பலவீனமான கயிற்றின் அறுபலத்தில் கால்பங்கு என்பது பொது வழக்கம். ஆனால் உங்கள் றொட்டின் கயிற்று அளவு 20 இறாத்தலோடு முடிகிறது, அதனால் அந்த 20ஐ வைத்துக் கணக்குப் பாருங்கள். 5 இறாத்தல், அதாவது 2 கிலோவுக்குச் சற்று மேல். தராசு இல்லையென்றால் 2 லீற்றர் சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்புங்கள், அது ஏறத்தாழ 2 கிலோ. றொட்டின் வளையங்களில் கோக்காமல் றீலிலிருந்து நேரே கயிற்றில் தொங்கவிட்டு, போத்தல் மெதுவாக வழுக்கி இறங்கும் அளவுக்குத் திருகை வையுங்கள். றொட் வளைந்திருக்கும்போது வளையங்களின் உரசலும் சேர்வதால் மீனுக்கு இதைவிடக் கூடுதலாகவே தெரியும். அப்புறம் இன்னொன்று: கயிறு ஓடி ஸ்பூலின் சுற்று வட்டம் பாதியாகச் சுருங்கினால், திருகைத் தொடாமலே இழுவை இரட்டிக்கும். மீன் தூரம் போய்விட்டது என்று பயந்து டிராக்கை இறுக்குகிறவர்கள் அந்த நேரத்தில்தான் அறுக்கிறார்கள்.

இனிச் செரமிக் பெயாரிங். மேசையில் விரலால் தட்டிவிட்டால் நீண்ட நேரம் சுற்றும் என்பது உண்மை. தண்ணீரில் எத்தனை மீற்றர் கூடுகிறது என்பதில் நான் சத்தியம் செய்ய மாட்டேன். எனக்கும் போட்டுப் பார்த்த நண்பர்களுக்கும் கிடைத்தது, நல்ல எண்ணெய் விட்ட சாதாரணப் பெயாரிங்கிலிருந்து மிகக் கொஞ்சம். வீச்சு நன்றாகப் பழகிய கைக்கு அது தெரியலாம், சிக்கோடு போராடுகிற கைக்குச் சுதந்திரமாகச் சுற்றும் ஸ்பூல் இன்னும் சிக்கையே தரும். உப்புக்கு நல்லது என்று விற்கிறார்கள். உள்ளே உருளும் குண்டுகள் துருப்பிடிக்காது, சரி, ஆனால் அவை ஓடும் வளையம் பெரும்பாலானவற்றில் இரும்புதான், அது துருப்பிடிக்கும். அந்தப் பணத்தில் நல்ல பிரெயிட் வாங்குங்கள். இருக்கிற ஸ்பூல் பெயாரிங்கைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் அற்ககோலில் கழுவி, காயவிட்டு, ஒரே ஒரு துளி இலேசான எண்ணெய் விடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் விடவே வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். துருப்பிடித்த ஆணி கழற்ற அடிக்கும் ஸ்பிரேயும் எண்ணெய்க்குப் பதிலாகாது. பல்சக்கரத்துக்குக் கிரீஸ், பெயாரிங்குக்கு எண்ணெய், இதை மாற்றிப் போடாதீர்கள். கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கும் ஒருவழிப் பெயாரிங்கில் கிரீஸ் பட்டால் அது பிடிக்காமல் வழுக்கும். அதைப் பழுது என்று நினைத்து றீலையே எறிந்தவர்களும் உண்டு.

இவ்வகை றீலுக்கு முன்னோடியானதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜோர்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி செய்தார் என்பது வரலாறு. ஒரு பெயிற்காஸ்டரைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அது ஞாபகம் வரும். உள்ளே இருப்பது கடிகாரக்காரரின் வேலை, கடிகாரத்துக்குக் கொடுக்கிற கவனம் அதற்கும் வேண்டும்.

உப்பை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழுவுங்கள். அதற்கு முன் டிராக்கை இறுக்குங்கள், தண்ணீர் வாசருக்குள் போகாது. குழாயில் மெல்லியதாக விட்டு நனையுங்கள், பீச்சியடித்தால் உப்பை உள்ளே தள்ளுகிறீர்கள். வாளிக்குள் முக்கவும் கூடாது. நம் கடலோர வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் சவர், அதில் கழுவினால் பாதி உப்பை மறுபடி பூசியதாகும். பைப் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். துடைத்து நிழலில் காயவிட்டு, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். கயிற்றை இடமும் வலமும் அடுக்கும் புழுத்தண்டுக்கு ஒரு துளி எண்ணெய் விடுங்கள், உப்பு முதலில் தின்பது அதைத்தான்.

றொட்டில் மாற்றம் செய்யலாமா என்று கேட்டீர்கள். முதலில் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சு சுற்றிய குச்சியைச் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு இழைபட்டால் வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறது, அது பிரெயிட்டை அறுக்கும். நுனி வளையத்தை நீங்களே மாற்றலாம்: லைட்டரால் உலோகக் குழாயை மட்டும் சற்றே சூடாக்கி உருவி, உருகும் பசைக்குச்சியால் புதியதை ஒட்டுங்கள். றொட்டின் கார்பனில் நெருப்புப் படக்கூடாது. மற்ற வளையங்களை நூல் சுற்றி எபொக்சி பூசிக் கட்ட வேண்டும். மாரி மாத ஈரக்காற்றில் பூசினால் எபொக்சி வெளுத்துப் பிசுபிசுக்கும், மழை விட்ட காய்ந்த நாளாகப் பாருங்கள். பின்பிடியை நீட்டினால் பாரையோடு இழுபடும்போது இடுப்பில் ஊன்ற வசதி. ஆனால் நாள் முழுக்க வீசுவதற்கு மாமா தந்த அளவே சுகம், நான் அதைத் தொடமாட்டேன். மீனைக் கிட்டக் கொண்டுவந்தபின் றொட்டை நேரே மேலே தூக்காதீர்கள். கயிற்றுக்கும் பிடிக்கும் இடையே செங்கோணத்தைத் தாண்டினால் பாரம் முழுவதும் மெல்லிய நுனிக்குப் போய் உடையும். என்னிடம் வந்த உடைந்த றொட்களில் அதிகமானவை அப்படி உடைந்தவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் மறக்க வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்து இடி முழங்கத் தொடங்கினால் றொட்டைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுங்கள். புறாத்தீவுப் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம், அது தேசியப் பூங்கா.

கடைசியாக, சுற்றும்போது கரகரவென்று ஒரு சத்தம் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைத் தூரத்திலிருந்து சொல்ல முடியாது. காய்ந்த பெயாரிங்கும், தேய்ந்த பல்சக்கரமும், புழுத்தண்டில் மணலும் எழுத்தில் விவரித்தால் ஒரே சத்தம்தான். கைப்பிடிப் பக்க மூடியைக் கழற்றி, ஒவ்வொரு ஆணியையும் கழற்றிய வரிசையில் ஒரு வெள்ளைத் துணியில் வைத்து, பெரிய பல்சக்கரத்தின் பற்கள் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். கிரீஸைத் துடைத்துவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் தேய்மானம் தெரியாது.